அனாமத்துக் கணக்கில் 25 மார்க்

ஒவ்வொரு நவம்பர் மாதமும் மத்திய அரசு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "உயிரோடு இருக்கிறீர்களா?" அவ்வளவுதான் கேள்வி. முன்பெல்லாம் பேங்கில் க்யூவில் நின்று பதில் சொன்னார்கள். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்த பிறகு கைரேகை வைத்துச் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் பென்ஷன் ஓடும், இல்லையென்றால் நிற்கும். பக்காவான தணிக்கை!

ஆனால் உயிரோடு இருப்பதற்கும் ஒரு நாளைத் தள்ளுவதற்கும் நடுவில் எத்தனையோ கேள்விகள் கிடக்கின்றன. தானாகக் குளிக்க முடிகிறதா? ராத்திரி இரண்டு மணிக்குக் கக்கூஸ் போய்விட்டு விழாமல் திரும்ப முடிகிறதா? பாயிலிருந்து எழும்ப முடிகிறதா? காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது என்று பார்த்துப் போட்டுக்கொள்ள முடிகிறதா? பென்ஷன் ஆபீஸ் இதையெல்லாம் கேட்பதில்லை. வீட்டிலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "ஆச்சி எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா." சோலி முடிந்தது.

2011 சென்சஸ் கணக்கில் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். திருநெல்வேலிப் பக்கம் படித்த பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட, ஊரில் பெரிய வீடும் பெரியவர்களும் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படிப்பட்ட வீட்டில் "நல்லா இருக்கா" என்ற ஒற்றை வரி போதுமா? ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் "கம்பெனி நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யாராவது பங்கு வாங்குவார்களா?

மார்க் போட ஆரம்பித்தவர்கள்

இந்த ஒற்றை வரியை மார்க்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் சிட்னி காட்ஸ். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை அவருடைய குழு நாள்கணக்கில் கவனித்தது. 1963-ல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் ஆறே விஷயங்கள்தான். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. பிறர் உதவி இல்லாமல் செய்தால் ஒன்றுக்கு ஒரு மார்க் என்று ஆறுக்குப் போடுவது இன்று வழக்கத்தில் இருக்கும் முறை.

காட்ஸ் கவனித்த சுவாரஸ்யமான சங்கதி ஒன்று உண்டு. இந்த ஆறும் கண்டபடி போவதில்லை, ஒரு வரிசையில் போகின்றன. பெரும்பாலும் முதலில் போவது குளியல், கடைசி வரை தங்குவது சாப்பாடு. குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. சரக்குக் கணக்கு படித்தவர்களுக்குச் சொன்னால் டக்கென்று புரியும். லைஃபோ! கடைசியில் வந்த சரக்கு முதலில் வெளியே போகிறது :-)

இரண்டு வருஷம் கழித்து, 1965-ல், மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனி என்ற டாக்டரும் டொரோத்தியா பார்தல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் நூறு மார்க் தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். பத்துக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே மார்க் கிடையாது. குளியலுக்கு 5, தலைவாரி முகம் கழுவுவதற்கு 5. சாப்பிடுவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறை, படி ஏறுவது ஆகியவற்றுக்குத் தலா 10. படுக்கையிலிருந்து எழுந்து மாறுவதற்கும் நடப்பதற்கும் தலா 15. கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு வரும். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் இன்றும் 'பார்தல் ஸ்கோர்' என்று பேசுவது இதைத்தான்.

அதை உருவாக்கியவர்களே அதில் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்திருந்தார்கள். நூறு வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று அர்த்தம் இல்லை. அவருக்குச் சமைக்கத் தெரியாமல் இருக்கலாம், வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கலாம். இந்த ஓட்டையை அடைக்க 1969-ல் லாட்டன், பிராடி என்ற இருவர் எட்டுக் கேள்விகளோடு வந்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே பயணம், மாத்திரை, பணம் காசு. இதில் ஒரு வேடிக்கை. ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் கழித்துவிட்டு ஐந்துக்குத்தான் மார்க் போட்டார்கள்! வாழ்நாள் முழுக்க அடுப்படிப் பக்கம் போகாத தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயதில் "சமைக்க இயலவில்லை" என்று எழுதினால் அது வயசின் குற்றமா, வளர்ப்பின் குற்றமா என்ற குழப்பம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

குறுக்குத்துறையில் செல்லுமா?

சரி, கிளீவ்லாந்து தாளை அப்படியே தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

பார்தல் தாளில் குளிப்பது தனிக் கேள்வி, படி ஏறி இறங்குவது தனிக் கேள்வி, உடுத்துவது தனிக் கேள்வி. குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கிறவருக்கு மூன்றும் ஒரே கேள்வி. பாசி பிடித்த கல்லில் கால் வைத்து இறங்கி, இழுக்கும் தண்ணீரில் முங்கி, மேலே ஏறி, நின்றபடியே ஈரத்தை மாற்றி உடுத்த வேண்டும். பாபநாசம் தொடங்கி சீவலப்பேரி வரைக்கும் எந்தத் துறையிலும் இதே பரீட்சைதான். அதே மாதிரி, தாளில் கேட்பது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. பத்தமடைப் பாயில் படுத்துப் பழகிய உடம்புக்குத் தரையிலிருந்து எழும்புவதுதான் பெரிய காரியம். கக்கூஸ் என்றால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். அது வீட்டுக்குப் பின்னால் புறவாசலைத் தாண்டி இருக்கும்.

இந்தச் சிக்கல் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மறதி நோயைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் பேங்க் கணக்கையும் டெலிபோனையும் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்? அதனால் கேள்விகளையே ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். சாப்பிட்டதை மறந்துவிடுகிறாரா? பண்டிகைகள் நினைவிருக்கிறதா? கல்யாணம் போன்ற குடும்ப விஷயங்களில் அபிப்பிராயம் சொல்கிறாரா? இப்படி ஒரு டஜன் கேள்விகளுக்குள் அடங்கும் அளவுகோல் அது. 1999-ல் வெளியானது. இங்கே என்றால் ஹோலிக்குப் பதில் ஆனித் தேரோட்டத்தைக் கேட்கலாம். நெல்லையப்பர் தேர் எந்த மாசம் என்பதை மறந்தவரைப் பற்றித் திருநெல்வேலியில் வேறு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை!

பிறகு நாடு முழுவதற்கும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்திய 'லாசி' ஆய்வின் முதல் சுற்றில், 2017-18-ல், 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கு மேல் வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். 60 தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அடிப்படை வேலைகளில் ஒன்றிலாவது சிரமம் இருந்தது. சமையல், கடை, பணம், மாத்திரை போன்றவற்றில் ஒன்றிலாவது சிரமம் என்றவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். ஆக, "நல்லா இருக்கா" என்ற வரிக்குப் பின்னால் நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது.

மூன்று ஆடிட்டர்கள், இரண்டு மார்க்

மார்க் போடுவதில் உள்ள உண்மையான சிக்கல் தாளில் இல்லை, யாரைக் கேட்பது என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மீனாட்சிபுரத்தில் ஒரு பழைய வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆச்சிக்கு 78 வயது. மகன் சென்னையில் வேலை, மாதம் ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து போகிறவர். மருமகளும் பிள்ளைகளும் ஆச்சியோடு இங்கே. பிசியோதெரபி படிக்கும் மகள்வழிப் பேத்தி லீவுக்கு வந்தவள் பார்தல் தாளை விரித்துக்கொண்டு உட்காருகிறாள்.

"ஆச்சி, நீங்களேதான் குளிக்கீங்களா?"

"பின்ன, ஊரைக் கூட்டியா குளிக்கேன்?"

"மச்சுப்படி ஏறுவீங்களா?"

"விட்டா ஏறுவேன். உங்க அத்தை விடமாட்டாளே."

ஆச்சி தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க் 100. போனில் மாமாவைக் கேட்கிறாள். "எங்கம்மாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கா. நூத்துக்கு நூறு போடு பிள்ள." ஆக, அங்கேயும் 100.

அடுப்படியில் அத்தையைக் கேட்கிறாள். "அத்தை தானாத்தான் குளிக்காவ. வென்னீர் விளாவி வச்சு, பலகையைப் போட்டு, மாத்துச்சேலையைக் கொடியில போட்டுட்டு, அவுக வெளிய வார வரைக்கும் கதவுப் பக்கத்துலயே நான் நிக்கணும். போன ஆடியில ஒருக்க வழுக்கிட்டாவ, அதுலருந்து. ராத்திரி ரெண்டு தடவை எந்திப்பாவ. புறவாசல்ல லைட் கிடையாது. டார்ச்சப் பிடிச்சுக்கிட்டுக் கூடப் போவேன். பாயிலருந்து எந்திக்க ஒரு கை கொடுக்கணும். மச்சுக்கு நாந்தான் ஏற விடுறதில்ல."

1988-ல் பிரிட்டனில் இந்தத் தாளுக்கு வகுத்த விதிகள் தெளிவானவை. ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதை எழுதக்கூடாது, நிஜமாக என்ன செய்கிறார் என்பதை எழுத வேண்டும். பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் அது 'சுயமாக' ஆகாது. ஆனால் கம்பு, கைப்பிடி போன்ற சாதனங்களைப் பயன்படுத்தினால் மார்க் குறையாது.

இந்த விதிப்படி பேத்தி மறுபடி கூட்டுகிறாள். குளியல் 5 போனது. கழிப்பறை 10-லிருந்து 5. எழுந்து மாறுவது 15-லிருந்து 10. படி 10-லிருந்து பூஜ்யம். மொத்தம் 75.

ஆச்சியும் பொய் சொல்லவில்லை, மகனும் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் தங்களுக்குக் கூடுதலாகவும், பார்த்துக்கொள்பவர்கள் குறைவாகவும் மதிப்பிடுவது பல நாடுகளில் ஆய்வுகள் கண்ட விஷயம்தான். ஆனால் அந்த 25 மார்க் எங்கே போனது?

பற்று, வரவு

அக்கவுண்டன்ஸி முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு இடத்தில் பற்று எழுதினால் இன்னொரு இடத்தில் வரவு வந்தே ஆக வேண்டும். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்றில் போட்டு வைப்பார்கள். பிழையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அது அங்கேயே கிடக்கும்.

அந்த 25 மார்க் மருமகள் பெயரில் உள்ள அனாமத்துக் கணக்கில் கிடக்கிறது. குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கும் நேரமாக, ராத்திரி இரண்டு தடவை கலையும் தூக்கமாக. ஆச்சி இழந்த ஒவ்வொரு மார்க்கும் இன்னொருவர் நாளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கும் எழுதப்படாததால்தான் மகனின் புத்தகத்தில் 100 என்று நிற்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தைகளையோ பெரியவர்களையோ சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 134 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவைப்பது போன்ற வீட்டு வேலை இதில் சேராது.

ஜப்பான்காரர்கள் இந்த இரண்டாவது பதிவை எழுதிவிட்டார்கள். 2000 ஏப்ரலில் அங்கே முதியோர் பராமரிப்புக் காப்பீடு அமலுக்கு வந்தது. விண்ணப்பித்தால் வீட்டுக்கே ஆள் வந்து 74 விஷயங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். கம்ப்யூட்டர் அதை 'எத்தனை நிமிடப் பராமரிப்பு தேவை' என்று மாற்றுகிறது. கடிகாரம் வைத்து அளந்த நேரம் இல்லை அது, தேவையைக் காட்டும் ஒரு அலகு. பிறகு ஒரு குழு கூடி ஏழு படிநிலைகளில் ஒன்றைத் தீர்மானிக்கிறது. மிகக் கடுமையான நிலைக்கு 110 நிமிடம் அல்லது அதற்கு மேல். அந்த நிலைக்கு ஏற்ற உதவி வீடு தேடி வருகிறது. பெரியவரின் மார்க்கைப் பார்த்துக்கொள்பவரின் நிமிடமாக எழுதியதுதான் அதில் விசேஷம். அமெரிக்காவிலும் 1996 சட்டப்படி வரிச்சலுகை பெறும் நீண்டகாலப் பராமரிப்பு பாலிசிகளில், ஆறு அடிப்படை வேலைகளில் இரண்டையாவது 90 நாளுக்காவது தானாகச் செய்ய முடியாது என்று சான்று தர வேண்டும். கடுமையான மறதி நோய் என்றால் அதற்குத் தனி வழி உண்டு. மொத்தத்தில் மார்க்கின் பின்னால் பணம் இருக்கிறது.

இங்கே வயதுதான் அளவுகோல். 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியபோது, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் வீடு தேடி வரும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் வயது கார்டில் இருக்கிறது, எளிதில் தெரிகிறது, அதனால் அதை வைத்து அளக்கிறார்கள். 72 வயதில் படித்துறை இறங்குகிறவரும் உண்டு, 64 வயதில் முழங்காலால் வாசல்படி தாண்டாதவரும் உண்டு.

கொத்தனார் கொடுத்த 15 மார்க்

இப்போது அந்த மீனாட்சிபுரம் வீட்டுக்குள் ஒரு எலெக்ட்ரீஷியனையும் ஒரு கொத்தனாரையும் அரைநாள் அனுப்புங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், வழுக்காத தரை. புறவாசல் வழியில் ஒரு பல்பு, அதன் ஸ்விட்ச் ஆச்சி கைக்கு எட்டும் இடத்தில். பாய்க்குப் பதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டில். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் நின்று ஒருவாரம் பழக்கிவிட்டால், குளியலில் 5, கழிப்பறையில் 5, எழுந்து மாறுவதில் 5 திரும்ப வர வாய்ப்பு நிறைய. 75 என்பது 90 ஆகிவிடும்.

கவனித்தீர்களா? ஆச்சியின் உடம்பில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு மாத்திரை மாற்றவில்லை. மாறியது வீடு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் முதுமை பற்றி வெளியிட்ட அறிக்கை சொல்வதும் இதைத்தான். ஒருவரின் செயல்திறன் என்பது அவர் உடம்பிலும் மனதிலும் உள்ள சக்தி மட்டும் இல்லை, அவர் இருக்கும் இடமும் சூழலும் சேர்ந்ததுதான் அது. மார்க் தாளில் ஆச்சி பெயர் இருந்தாலும் பரீட்சை எழுதியது வீடு முழுக்க.

மிச்சம் 10 மார்க். அது படி. அதை எடுத்தது நோய் இல்லை, பாசம். "நீங்க சும்மா இருங்க அத்தை, விழுந்துராதீங்க." சொல்வதில் நியாயம் இருக்கிறது, விழுந்தால் பார்க்கப்போவதும் அவர்தானே. ஆனால் ஏறாத கால் நாளடைவில் ஏற மறந்துவிடும். 'ஏற விடவில்லை' என்பது இரண்டு வருஷத்தில் 'ஏற முடியவில்லை' ஆகிவிடும். தாளில் இரண்டுக்கும் அதே பூஜ்யம்தான்.

அந்தப் பத்து மார்க்கின் விலை என்ன என்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில் தாமிரபரணி கரை மீறி மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணார்பேட்டை என்று தெருத்தெருவாக வந்தது. கீழ்வீட்டில் தண்ணீர் ஏறும்போது எந்த வீட்டில் மச்சுப்படி ஏற முடியாதவர் இருக்கிறார் என்பது ஆஸ்பத்திரி விவகாரம் இல்லை. தெருவுக்கே தெரிய வேண்டிய விஷயம். படகில் வருகிறவர் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள வயதை வைத்துத் தெரியாது.

ஆகவே மக்களே, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்தப் பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஆச்சியை ஒரு தடவை கேளுங்கள், குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறவரைத் தனியாக ஒரு தடவை கேளுங்கள். இரண்டு மார்க்கும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். வித்தியாசம் வந்தால், அதை அனாமத்தில் விட்டுவிட்டுத் திரும்ப ரயில் ஏறாதீர்கள். குறைந்தபட்சம் அந்த பல்பையாவது மாட்டிவிட்டு வாருங்கள்.